‘அனுபவி’ என்றால் வாழ்த்தா, வசையா?

‘அனுபவம்’ என்ற ஒரே சொல்லைச் சுற்றி இந்த மாதம் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துத் தந்திருக்கிறோம். வீட்டுப் பத்திரத்தோடு வந்த கேள்விக்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளம்.

கேள்வி: கல்யாண வீட்டில் “நல்லா அனுபவி” என்று வாழ்த்துகிறார்கள். தெருச்சண்டையில் “நீ அனுபவிப்படா” என்று மண்ணைத் தூற்றுகிறார்கள். ஒரே சொல் எப்படி இரண்டுக்கும் உதவுகிறது?
– கும்பகோணம் வாசகி

பதில்: வடமொழியிலிருந்து வந்த சொல் இது. ‘அனு’ என்றால் தொடர்ந்து, கூடவே. ‘பவ’ என்றால் இருத்தல், ஆதல். ‘பவக்கடல்’ என்பதில் இருக்கும் பவமும் இதே வேர்தான். வந்ததோடு கூடவே இருந்து கடப்பது என்று வைத்துக்கொள்ளலாம். வந்தது இனிப்பா கசப்பா என்பதை இந்தச் சொல் சொல்வதில்லை. யோசனையிலிருந்து ‘யோசி’, தியானத்திலிருந்து ‘தியானி’ பிறந்த மாதிரி, அனுபவத்திலிருந்து ‘அனுபவி’ என்ற வினையைத் தமிழ் செய்துகொண்டது.

இரண்டு பக்கமும் வெட்டும் குணம் அதற்கு நிலைத்ததில் வினைக்கொள்கைக்குப் பங்கு உண்டு. சைவ சித்தாந்தம் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வினையை மூன்றாகப் பிரிக்கிறது. இந்தப் பிறவியில் பயன் தந்து தீரவேண்டிய பிராரத்தத்துக்கு நுகர்வினை என்றும் பெயர். நல்வினையின் பயனும் தீவினையின் பயனும் நுகர்ந்துதான் கழிய வேண்டும். ஆகவே இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் போதுமானதாக இருந்தது. “பண்ணின பாவத்துக்கு அனுபவிக்கிறான்”, “பூர்வ புண்ணியம், அனுபவிக்கிறான்” என்று இரண்டும் ஒரே வாயில் வரும்.

பழைய தமிழில் இந்த இடத்தில் ‘துய்’, ‘நுகர்’ என்ற சொற்கள் இருந்தன. “வகுத்தான் வகுத்த வகையல்லால் கோடி தொகுத்தார்க்கும் துய்த்தல் அரிது” என்ற 377ஆவது குறளில் வரும் துய்த்தல் அனுபவித்தலேதான். “செல்வத்துப் பயனே ஈதல்; துய்ப்பேம் எனினே தப்புந பலவே” என்று புறநானூறு 189ஆம் பாட்டில் நக்கீரர் சொல்வதும் அதுவே. எல்லாவற்றையும் நானே அனுபவிப்பேன் என்று இருந்தால் தவறிப்போவது நிறைய என்கிறார். துய்த்தல் பெரும்பாலும் இன்பத்தின் பக்கம் சாய்கிற சொல். “சிறைத்தண்டனையைத் துய்த்தார்” என்று யாராவது எழுதினால் அது கேலியாகத்தான் படும்.

வாழ்த்தா வசையா என்று கண்டுபிடிக்க வாக்கியத்தின் அமைப்பைப் பாருங்கள். ‘அனுபவித்து’ என்ற எச்சத்துக்குப் பின் உடனே வேறொரு வினை வந்தால் அநேகமாக ரசனை: அனுபவித்துச் சாப்பிட்டார், அனுபவித்துப் பாடினார், அனுபவித்து எழுதியிருக்கிறார். எதை என்று சொல்லாமல் எதிர்காலத்தில் நின்றால் அநேகமாகச் சாபம்: “அனுபவிப்பான்”, “அனுபவிப்பீங்க”. ஏவலில் வரும் வெறும் ‘அனுபவி’க்கு எழுத்தில் விடை கிடையாது, குரல்தான் தீர்ப்பு. ‘நல்லா’ சேர்த்தாலும் உறுதி இல்லை, “நல்லா அனுபவி” என்பதும் இரண்டு பக்கமும் வெட்டும். அதனால் வாழ்த்து மடலில் இந்த வினையை மொட்டையாக விடாதீர்கள். “எல்லா வளமும் பெற்று அனுபவித்து வாழ்க” என்று எதை என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால் தப்பித்தோம்.

கேள்வி: மாத்திரை அட்டைக்குள் இருந்த தாளில், “நீங்கள் குமட்டலை அனுபவித்தால் மருத்துவரை அணுகவும்” என்று இருக்கிறது. குமட்டலை யாராவது அனுபவிப்பார்களா? நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். எங்கே ‘அனுபவி’ போடலாம், எங்கே கூடாது?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: ஆங்கிலத்தின் எக்ஸ்பீரியன்ஸ் வினையைக் கண்ட இடத்திலெல்லாம் ‘அனுபவி’ என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதால் வரும் வினை இது. ஆங்கிலத்தில் ஆள் எழுவாயாக நின்று வலியைச் செயப்படுபொருளாக எடுத்துக்கொள்வார். தமிழில் உடம்புக்கு வருவனவற்றுக்குப் பெரும்பாலும் ஆள் எழுவாயாக நிற்பதில்லை, நான்காம் வேற்றுமையில் ஒதுங்கிக்கொள்வார். எனக்குப் பசிக்கிறது, அவருக்குக் குளிர்கிறது, குழந்தைக்குக் குமட்டுகிறது. வலி தானே வருகிறது, நாம் அதைச் செய்வதில்லை. இந்த வாக்கிய அமைப்பைக் கையில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழை போய்விடும்.

“குமட்டலை அனுபவித்தால்” என்பது “குமட்டினால்” ஆகும். “மூச்சுத் திணறலை அனுபவிக்கும் நோயாளிகள்” என்பதை “மூச்சுத் திணறல் உள்ளவர்கள்” என்று எழுதுங்கள். “பயணிகள் தாமதத்தை அனுபவிக்க நேரிடும்” என்றால் “ரயில்கள் தாமதமாகலாம்”. “உங்கள் கருவியில் சிக்கலை அனுபவிக்கிறீர்களா?” என்பதற்கு “கருவியில் சிக்கல் இருக்கிறதா?” போதும். “நகரம் கனமழையை அனுபவித்தது” என்பது இன்னும் மோசம், நகரம் குடையோடு நின்று ரசித்த மாதிரி இருக்கிறது. “நகரில் கனமழை கொட்டியது” என்று எழுதினால் தீர்ந்தது. விற்பனை சரிவை அனுபவிக்க வேண்டாம், சரியட்டும்.

துன்பத்துக்கே இந்த வினை ஆகாது என்று இதை வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள். தண்டனை, கொடுமை, நரக வேதனை ஆகியவற்றைத் தமிழர்கள் காலங்காலமாக அனுபவித்துத்தான் வருகிறார்கள். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. “எத்தனை காலம்?” என்று கேட்டுப் பாருங்கள். “ஏழாண்டு சிறைத்தண்டனை அனுபவித்தார்”, “பத்து வருஷமா மூட்டுவலியை அனுபவிக்கிறேன்” – இரண்டும் சரி. “நேற்று மத்தியானம் ஒரு தும்மலை அனுபவித்தேன்” தவறு. ஒருவரின் பங்காக வந்து, நாள்பட நிற்பதற்கே ‘அனுபவி’ பொருந்தும். வந்தவுடன் போவதற்குத் தமிழில் அதனதன் வினையே இருக்கிறது: தும்மினேன், இருமினேன், மயங்கினேன்.

விளம்பரக்காரர்களின் “சுவை அனுபவம்”, “உறக்க அனுபவம்”, “ஷாப்பிங் அனுபவம்” இன்னொரு வகை. அங்கே அனுபவத்தை எடுத்துவிட்டுப் படியுங்கள். பொருள் குறையவில்லை என்றால் அது இருக்க வேண்டியதில்லை. மென்பொருள் துறையின் ‘பயனர் அனுபவம்’ மட்டும் கலைச்சொல்லாக நிலைத்துவிட்டது, அதை விட்டுவிடலாம்.

கேள்வி: ‘அனுபவம்’ வடசொல் என்பதால் எல்லா இடத்திலும் ‘பட்டறிவு’ என்று எழுத விரும்புகிறேன். சரியா? இது பட்டறையில் கற்ற அறிவு என்று ஒரு நண்பர் சொன்னார்.
– திருச்சி வாசகர்

பதில்: நண்பர் சொன்னது அழகாக இருக்கிறது, உண்மை இல்லை. பட்டறை என்பது ‘பட்டடை’ திரிந்து வந்தது. பட்டடை என்றால் கொல்லர் உலோகத்தை வைத்து அடிக்கும் அடைகல். “சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை” என்று 821ஆவது குறளில் வருவது அதுதான். பட்டறிவில் இருப்பது ‘படு’ என்ற வினையின் ‘பட்டு’. பட்டு அறிந்த அறிவு.

‘படு’ சாதாரண வினை இல்லை. கல் மேலே படும், கண்ணில் படும், துன்பப்படுவோம், போர்க்களத்தில் படுவார்கள், மரம் பட்டுப்போகும். ஞாயிறு படுகிற நேரத்துக்கு ‘எற்பாடு’ என்று பெயர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று தொல்காப்பியம் எட்டாக எண்ணும் உணர்ச்சிகளுக்கு ‘மெய்ப்பாடு’ என்றுதான் பெயர். வெளியிலிருந்து ஒன்று வந்து நம்மேல் தட்டுகிறது என்பதே ‘படு’வின் உட்கருத்து.

அதனால்தான் பட்டறிவு எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. அது விளைவைச் சொல்கிறது, பட்ட பிறகு மிஞ்சும் அறிவை. “முப்பதாண்டுப் பட்டறிவு கொண்ட மேஸ்திரி” நன்றாக நிற்கிறது. “பட்டறிவும் படிப்பறிவும்” என்ற இணை இன்னும் நன்று. “என் காசிப் பயணப் பட்டறிவு” இடறுகிறது, அங்கே சொல்லவந்தது நடந்ததையும் கண்டதையும். “காசிப் பயணத்தில் கண்டவை” என்று எழுதினால் வடசொல்லும் இல்லை, வலிந்த தமிழும் இல்லை. “இறைப் பட்டறிவு” என்று எழுதினால் சாமி வந்து மோதிவிட்டுப் போன மாதிரி ஆகிவிடும். அங்கே ‘உணர்வு’ அல்லது ‘பேறு’ பாருங்கள்.

‘உறு’ என்றும் ஒரு வினை இருக்கிறது. “ஒன்றறிவதுவே உற்றறிவதுவே” என்று தொல்காப்பியம் தொடு உணர்வைச் சொல்கிறது. “கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும் ஐம்புலனும்” என்ற குறளிலும் அதே ‘உற்றறிதல்’. புலன்வழி நேரடியாக அறிவதைக் குறிக்க இதைவிடக் கூர்மையான சொல் கிடைக்காது. ஏனோ யாரும் எடுத்துப் புழங்குவதில்லை. ‘நுகர்வு’ என்ற சொல்லோ கைநழுவிப் போய்விட்டது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நுகர்வோர் என்றால் பொருள் வாங்குகிறவர் என்றே காதில் விழுகிறது.

பேச்சில் பார்த்தால் தொழில் அனுபவத்துக்கு மக்கள் வைத்திருக்கும் சொல் ‘பழக்கம்’. “இந்த மெஷின்ல எனக்குப் பழக்கம் இல்லை”, “ஒரு வாரம் போனா கை பழகிடும்”. ஔவையின் தனிப்பாடலும் “சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்” என்றே சொல்கிறது. சமையலில் அதே சங்கதி கைப்பக்குவம் ஆகிவிடும்.

கேள்வி: ‘அனுபவ சான்றிதழ்’, ‘அனுபவச் சான்றிதழ்’ – எது சரி? அப்படியானால் ‘அனுபவச்சாலி’ என்று எழுத வேண்டாமா?
– மதுரை மாணவி

பதில்: ‘அனுபவச் சான்றிதழ்’. மகர ஈறு கெட்டு, வல்லினம் மிகும். “மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும்” என்பது நன்னூல் 219. மரம் + கிளை மரக்கிளை ஆவதுபோல அனுபவக் குறிப்பு, அனுபவத் தொகுப்பு, அனுபவப் பகிர்வு. ‘அனுபவசாலி’யில் ‘சாலி’ தனிச்சொல் இல்லை, உடையவர் என்ற பொருளில் வடமொழியிலிருந்து ஒட்டி வந்தது. புத்திசாலி, பலசாலி மாதிரி இங்கும் ஒற்று மிகாது. பத்திரங்களில் ‘அனுபவ பாத்தியம்’ என்று ஒற்று இல்லாமல் எழுதுவதும் இரண்டும் வடசொல் என்ற பழக்கத்தால்தான். ‘அனுபவம்மிக்க’ என்று ஒட்டி எழுதாதீர்கள், ‘அனுபவமிக்க’ அல்லது ‘அனுபவம் மிக்க’. முன் + அனுபவம் சேர்ந்தால் ‘முன்னனுபவம்’. தனிக்குறிலை அடுத்த மெய் உயிர் வந்தால் இரட்டிக்கும். பழைய அச்சில் ‘அநுபவம்’ என்று தந்நகரம் போட்டிருப்பார்கள், இன்றைய வழக்கு றன்னகரம்.

கேள்வி: தாத்தா எழுதிய உயிலில், வீட்டைப் பாட்டி “ஆயுள் வரை அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்றும், அவருக்குப் பின் பிள்ளைகள் “ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்றும் இருக்கிறது. இரண்டு அனுபவமும் ஒன்றா? பன்னிரண்டு வருஷம் அனுபவத்தில் இருந்தால் சொத்து சொந்தம் என்கிறார்களே, அதுவும் உண்மையா?
– விழுப்புரம் வாசகர்

பதில்: இரண்டும் ஒன்றல்ல. ‘ஆண்டு’ என்ற அந்தச் சின்னச் சொல்லில்தான் வித்தியாசம் தொடங்குகிறது. ஆளுதல் உரிமை, அனுபவித்தல் பயன். கிரயப் பத்திரங்களில் “சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்று ஒரே மூச்சில் ஓடும். அதை உடைத்துப் பாருங்கள். தானம் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம் (விநிமயம் என்றால் பரிவர்த்தனை), விற்கலாம் (விக்கிரயம்), பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும். இத்தனையும் இருந்தால்தான் முழு உரிமை.

“ஆயுள் வரை அனுபவித்துக்கொள்ள” என்று மட்டும் இருந்தால் குடியிருக்கலாம், வாடகை வாங்கலாம், தேங்காய் பறிக்கலாம். விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. கவனமாக எழுதும் ஆவண எழுத்தர் “எவ்வித வில்லங்கத்துக்கும் உட்படுத்தப் பாத்தியமில்லை” என்று அடுத்த வரியிலேயே போட்டுவிடுவார். அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. இந்துப் பெண்களுக்கு 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14ஆவது பிரிவு இருக்கிறது. அதன் முதல் உட்பிரிவு பெண்ணின் கையில் இருக்கும் சொத்தை முழு உரிமை ஆக்குகிறது. உயில் போன்ற ஆவணமே வரையறுத்த உரிமையை மட்டும் கொடுத்திருந்தால் இரண்டாம் உட்பிரிவு அதற்கு விலக்கு தருகிறது. பாட்டிக்கு ஜீவனாம்ச உரிமை ஏற்கெனவே இருந்து, அதற்கு ஈடாகத்தான் வீடு கொடுக்கப்பட்டதா என்பதைப் பொறுத்து முடிவு மாறும். உயிலோடு வழக்கறிஞரிடம் போக வேண்டிய இடம் இது.

‘சுவாதீனம்’ என்பதும் தனி. சொத்து யார் கைவசம் என்பது சுவாதீனம். அதன் பலனை யார் எடுக்கிறார் என்பது அனுபவம். ‘அனுபோகம்’ என்றும் எழுதுவார்கள், பொருள் பக்கத்தில் வந்தாலும் வேர் வேறு. அனுபவம் ‘இருத்தல்’ என்ற வேரிலிருந்து வந்தது, போகம் ‘உண்ணுதல்’ என்ற வேரிலிருந்து. முன்பணம் மொத்தமாகக் கொடுத்துக் குடியிருக்கும் ‘போக்கியம்’ இந்த இரண்டாவது வேரின் பிள்ளை. ‘அனுபோக்கியம்’ என்று இரண்டையும் கலந்து எழுதிய பத்திரங்களும் உண்டு, அது கைத்தவறு.

பன்னிரண்டு வருஷக் கதைக்கு வருவோம். அது ‘எதிரிடை அனுபவம்’. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி தனியார் நிலத்துக்கு 12 ஆண்டு, அரசு நிலத்துக்கு 30 ஆண்டு. ஆனால் அனுபவித்தால் மட்டும் போதாது. உரிமையாளருக்கு எதிராக, ஒளிவுமறைவில்லாமல், இடைவிடாமல், என்னுடையது என்ற எண்ணத்தோடு அனுபவித்திருக்க வேண்டும். ‘எதிரிடை’ என்ற சொல்லே அதற்குத்தான். வாடகைக்கு இருப்பவர், காவலுக்கு வைத்தவர், “சும்மா இருந்துக்கோ” என்று விடப்பட்ட சொந்தக்காரர் ஆகியோரின் அனுபவம் அனுமதியின் பேரில் நடப்பது. அது நாற்பது வருஷம் ஆனாலும் தானாக எதிரிடை ஆகாது. பலர் கோர்ட்டில் தோற்பது இந்த இடத்தில்தான். வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு, அடங்கல் (கிராமத்தின் சாகுபடிக் கணக்கு) எல்லாம் அனுபவத்துக்குச் சாட்சி, உரிமைக்கு மூலம் அல்ல.

பக்கத்து வயல் வழியாக வண்டி போவது, கிணற்றில் நீர் இறைப்பது மாதிரியான அனுபவ பாத்தியத்துக்குக் கணக்கு வேறு. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 15ஆவது பிரிவு, 20 ஆண்டு என்கிறது. இலங்கையில் காணி வைத்திருக்கும் வாசகர்கள் இந்த எண்களை எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி எதிரிடை அனுபவத்துக்குக் காலம் 10 ஆண்டு. பத்திரத்தையும் அங்கே ‘உறுதி’ என்பார்கள்.

கேள்வி: சிறு நிறுவனம் நடத்துகிறோம். விலகிப்போகிற ஊழியருக்குத் தமிழில் அனுபவச் சான்றிதழ் தர வேண்டும். எப்படி எழுதுவது?
– திருப்பூர் வாசகர்

பதில்: நிறுவனத்தின் தலைப்புத்தாளில் எழுதுங்கள். நாள், ஊழியர் பெயர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை, நடத்தை, விலகிய காரணம், கையொப்பமிடுபவரின் பெயர், பதவி, முத்திரை ஆகியவை இருந்தால் போதும். இப்படி அமையலாம்:

“திருமதி ……… எங்கள் நிறுவனத்தில் 03.06.2019 முதல் 31.05.2024 வரை கணக்கராகப் பணியாற்றினார். பேரேடு பராமரிப்பு, ஜி.எஸ்.டி. படிவம் தாக்கல், சம்பளப் பட்டியல் தயாரிப்பு ஆகியவற்றைக் கவனித்துவந்தார். அவரது நடத்தையும் பணித்திறனும் நிறைவாக இருந்தன. சொந்த விருப்பத்தின்பேரில் விலகியுள்ளார்.”

இதில் ‘அனுபவம்’ என்ற சொல்லே வரவில்லை, கவனித்தீர்களா? வேண்டியதில்லை. “ஐந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்” என்று சேர்த்தால் தப்பாகவும் ஆகிவிடும். மேலே உள்ள தேதிகளில் ஐந்து ஆண்டுக்கு இரண்டு நாள் குறைகிறது. கணக்கைச் சான்றிதழ் வாங்குகிறவர் போட்டுக்கொள்ளட்டும், நீங்கள் தேதியை மட்டும் கொடுங்கள். வேலையைப் பட்டியலிடாமல் ‘பல்வேறு பணிகள்’ என்று எழுதுவதும் பலர் செய்யும் தவறு. ஊழியருக்கு அடுத்த இடத்தில் உதவப்போவது வேலைகளைச் சொல்லும் வரிதான். பணிக்காலம் எத்தனை நாள் என்பதைச் சொல்லும். பணிமூப்பு வரிசையில் யார் முன் என்பதைச் சொல்லும். அனுபவம் எந்த வேலையில் என்பதைச் சொல்லும். மூன்றையும் குழப்ப வேண்டாம்.

ஆள் தேவை விளம்பரத்தில் “5 வருடங்கள் அனுபவம்” என்று எழுதாமல் “5 வருட அனுபவம்” என்று எழுதுங்கள்.

கேள்வி: ‘அனுபவங்கள்’ என்று பன்மையில் எழுதலாமா?
– நாகர்கோவில் வாசகி

பதில்: நடந்தவற்றைச் சொன்னால் பன்மை வரும்: பயண அனுபவங்கள், சிறை அனுபவங்கள். தேர்ச்சியைச் சொன்னால் வராது. “அவருக்குத் தச்சுவேலையில் நிறைய அனுபவங்கள் உண்டு” என்றால் தச்சுவேலையில் ஏதேதோ சம்பவம் நடந்திருக்கிறது என்று பொருள்படும்.

கேள்வி: அனுபவம், அனுபூதி, அனுபாவம் – மூன்றும் ஒன்றா?
– காரைக்குடி வாசகர்

பதில்: அனுபூதியும் அனுபவமும் ஒரே வேரில் வந்தவை. தமிழில் அனுபூதி ஆன்மிகத்துக்கென்றே ஒதுங்கிவிட்டது, அருணகிரிநாதரின் கந்தரனுபூதி அதை நிலைநிறுத்தியது. “சமையலில் அனுபூதி பெற்றவர்” என்று எழுதினால் நகைச்சுவைதான். அனுபாவம் நாட்டியத்திலும் ரசக் கொள்கையிலும் வரும் சொல், உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரியும் அடையாளம் அது. அச்சுப்பிழையில் ஒரு கால் விழுந்தால் அனுபவம் அனுபாவம் ஆகிவிடும், மெய்ப்புப் பார்ப்பவர்கள் உஷார்.

கேள்வி: ஓய்வுபெறும் எங்கள் தலைமையாசிரியருக்கு வாழ்த்துமடல் எழுதுகிறோம். “கல்வித்துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்” என்று எழுதலாமா?
– சேலம் ஆசிரியர்

பதில்: வேண்டாம். அனுபவசாலி என்று பொருள் வந்தாலும், நெளிவுசுளிவு எல்லாம் தெரிந்த கெட்டிக்காரர் என்ற குறும்பும் கூடவே வரும். அரசியல்வாதியைப் பற்றி டீக்கடையில் பேசப் பொருந்துகிற தொடர். “பழுத்த அனுபவம் உடையவர்” என்று போடுங்கள். பழம் இருக்கட்டும், கொட்டையை விட்டுவிடலாம்.